புழுவெட்டும் பாதமும்: ஒரு முடிதிருத்துநர் எழுதும் செய்முறை

பின்தலையில் விழும் புழுவெட்டை, அது யாருக்கு வந்ததோ அவருக்கு முன்பே நான் பார்த்துவிடுகிறேன். சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளக் கடை வரிசையில் இருபத்து நான்கு ஆண்டுகளாக முடி திருத்துகிறேன். கழுத்திலிருந்து மெஷினை மேலே ஏற்றும்போது முடிக்கு நடுவே வழவழவென்று ஒரு வட்டம் தட்டுப்படும். மெஷினை அணைத்துவிட்டு, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து மெல்லக் காட்டுவேன். தேசிய சேவைக்குப் போகவிருக்கும் பதினெட்டு வயதுப் பையனாக இருந்தாலும் பேரன் எடுத்தவராக இருந்தாலும், எதிர்க்கண்ணாடியில் முகம் ஒரே மாதிரிதான் வாடுகிறது. "முழுத் தலையும் கொட்டிவிடுமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

2018இல் அதே கேள்வியை நானும் கேட்டேன். அப்பாவின் கருமாதி முடித்து ஊரிலிருந்து திரும்பிய மாதம் அது. இடது தாடையில், தாடிக்குள், ஐம்பது காசு நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். மூன்று வாரத்தில் பின்தலையில் ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயம் அளவுக்கு இன்னொன்று. இரவில் தூக்கம் போய்விட்டது. விடிந்ததும் தலையணையைத் தடவிப் பார்ப்பது வழக்கமாயிற்று.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பாதச் சிகிச்சை நிலையம் வைத்திருந்தார் ஒரு சீன அம்மா. மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், அறுபதைத் தாண்டியவர். நான் அவரை ஆண்ட்டி என்பேன். எனக்குச் சீனம் வராது, அவருக்குத் தமிழ் வராது. பேச்செல்லாம் கடைத்தெரு மலாயில்தான். அவர் கணவருக்கு நான் முடி வெட்டினேன், அதற்கு ஈடாக என் காலை அவர் பிடித்தார். ஏழு மாதம் இப்படி நடந்தது. பிறகு எனக்கு நானே செய்துகொள்ளவும், என் மனைவி எனக்குச் செய்யவும் கற்றுக்கொடுத்தார். அந்தச் செய்முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். பாதத்தை அழுத்தினால் தலையில் முடி முளைக்கும் என்று நான் எழுத மாட்டேன். என் வட்டங்களுக்குத் தோல் மருத்துவர் ஊசி போட்டார். முடி திரும்பியதற்குக் காரணம் அதுவென்றே நம்புகிறேன். பாதச் சிகிச்சை எனக்குத் திருப்பித் தந்தது தூக்கத்தை. புழுவெட்டு வந்தவருக்குத் தூக்கம் எவ்வளவு பெரிய பொருள் என்பது அது வந்தவருக்குத்தான் தெரியும்.

அது புழுவெட்டுதானா?

காலைத் தொடுவதற்கு முன் தலையைப் பார்க்க வேண்டும். வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து, வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புழுவெட்டு என்றால் வட்டம் அல்லது முட்டை வடிவில், விளிம்பு தெளிவாக இருக்கும். தோல் மொழுமொழுவென்றிருக்கும். செதில் இருக்காது, சீழ் இருக்காது, பெரும்பாலும் அரிப்பும் இருக்காது. விளிம்பில் உற்றுப் பார்த்தால் சில குட்டை முடிகள் தெரியலாம். நுனி தடித்து, வேர்ப்பக்கம் மெலிந்து, ஆச்சரியக்குறியைப் போல நிற்கும். அவை இருந்தால் நோய் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விரல் நகங்களையும் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் சிறுசிறு குழிகள் சிலருக்கு இருக்கும்.

செதில் உதிர்ந்து, முடி பாதியில் ஒடிந்து, கறுப்புப் புள்ளிகளாக நின்றால் அது படையாக இருக்கலாம். குழந்தைகளுக்கு இது அதிகம். பூஞ்சையால் வருவது, மற்றவர்க்கும் தொற்றும், உள்ளுக்கு மருந்து சாப்பிட வேண்டும். தோல் சிவந்து, எரிந்து, பளபளப்பான தழும்புபோல இறுகியிருந்தால் அது வேறு வகை. மயிர்க்கால் அழிந்துவிட்டால் அந்த இடத்தில் முடி திரும்பாது. இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் இதற்குமேல் படிக்க வேண்டாம், அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனால் அங்கிருந்தே தோல் மருத்துவருக்கு அனுப்பிவைப்பார்கள்.

புழுவெட்டுதான் என்றாலும் ஒருமுறை மருத்துவர் பார்ப்பது நல்லது. பெயரில் புழு இருக்கிறதே தவிர, தலையில் எந்தப் புழுவும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் மயிர்க்காலைப் பகை என்று நினைத்துச் சூழ்ந்துகொள்கின்றன. மயிர்க்கால் சாவதில்லை, உறங்கிப்போகிறது. நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. தைராய்டு கோளாறும் சிலருக்கு உடன் இருக்கும் என்பதால் எனக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு வட்டத்துக்குள்ளேயே டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. மெல்லிய ஊசியால் பத்துப் பன்னிரண்டு குத்து, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று தடவை. வலித்தது, ஆனால் தாங்கக்கூடிய வலி. தலையில் பெரும்பகுதி கொட்டிப்போனவர்களுக்கு இப்போது மாத்திரைகளே வந்துவிட்டன. பாரிசிட்டினிப் 2022 ஜூனிலும் ரிட்லெசிட்டினிப் 2023 ஜூனிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இதையெல்லாம் ஒரு முடிதிருத்துநர் ஏன் சொல்கிறேன் என்றால், தலையில் இஞ்சித் துண்டைத் தேய்த்துக்கொண்டே ஒன்றரை ஆண்டு காத்திருந்துவிட்டுப் புருவமும் போன பிறகு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சீனர்கள் காலைப் பிடிப்பதன் காரணம்

நாம் புழு வெட்டியது என்கிறோம். சீனப் பேச்சுவழக்கில் இதற்குப் 'பேய் சிரைத்த தலை' என்று பெயர். இரவு நன்றாக இருந்த தலையில் காலையில் வட்டம் இருந்தால், யாரோ வந்து செய்துவிட்டுப் போனார்கள் என்றுதான் எந்த ஊர் மனிதனுக்கும் தோன்றும். ஆண்ட்டி இந்தப் பெயரைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சீன மருத்துவத்தில் முடியை இரத்தத்தின் மிச்சம் என்பார்கள். உடம்பு முழுவதும் ஓடி ஊட்டியது போக மிஞ்சும் இரத்தமே முடியாக வளர்கிறது என்பது கணக்கு. சிறுநீரகத்தின் செழிப்பு தலைமுடியில் பூக்கும் என்பது அவர்களுடைய பழைய வாக்கு. அந்தச் சிறுநீரகத்துக்கு உரிய நாடி, அதாவது உடம்பில் உயிராற்றல் ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதை, தொடங்கும் இடம் உள்ளங்கால். இதனால்தான் தலையில் முடி போனால் உள்ளங்காலைத் தேடுகிறார்கள். "மரம் மூத்தால் வேர் முதலில் வாடும், மனிதன் மூத்தால் கால் முதலில் தளரும்" என்று ஒரு சீனப் பழமொழியும் உண்டு. இங்கே சிறுநீரகம் என்பது நம் மருத்துவமனை ஸ்கேனில் தெரியும் சிறுநீரகம் மட்டும் அல்ல. வாதம், பித்தம் என்று நாம் சொல்வதுபோல அது ஒரு கணக்கு முறை. அந்த மொழியைப் புரிந்துகொண்டால் போதும், அதை இரத்தப் பரிசோதனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாதச் சிகிச்சைக் கடைகளில் மாட்டியிருக்கும் வண்ணப் படத்தின் கதை வேறு. பெருவிரலில் தலை, நடுப்பாதத்தில் சிறுநீரகம், குதிகாலில் இடுப்பு என்று உறுப்புகளைப் பாதத்தில் பிரித்துக் காட்டும் அந்தப் படம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டும் பின்னர் யூனிஸ் இங்கமும் வளர்த்த முறையிலிருந்து வந்தது. தைவானில் ஊழியம் செய்த ஜோசப் யூக்ஸ்டர் என்ற சுவிஸ் பாதிரியார் தம் கால் வலிக்காக அதைக் கற்று, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அங்கிருந்து அது சீனர்களிடையே பரவியது. ஆகவே இன்று சீனப் பாதச் சிகிச்சை என்று நாம் பெறுவதில் பழைய நாடிப் புள்ளிகளும் புதிய வண்ணப் படமும் கலந்திருக்கின்றன. ஆண்ட்டி இரண்டையும் சேர்த்தே செய்தார். நானும் அப்படியே செய்கிறேன்.

தண்ணீர்

இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது போகட்டும். படுக்கப் போவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு தொடங்குவது சரியாக வரும். எனக்கு அது ஒன்பதரை மணி.

வாளி ஆழமானதாக இருக்க வேண்டும். தட்டையான தாம்பாளத்தில் பாதம் மட்டும் நனைந்தால் போதாது. கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நிற்க வேண்டும் என்பார் ஆண்ட்டி. அழுத்தவேண்டிய புள்ளிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. சைனாடவுனில் மரவாளி கிடைக்கும், பார்க்க அழகாக இருக்கும். என்னிடம் இருப்பது தேக்காவில் வாங்கிய பிளாஸ்டிக் வாளி. இரண்டிலும் தண்ணீர் ஒன்றுதான்.

ஐம்பது கிராம் இஞ்சியைத் தோலோடு கழுவி நசுக்குங்கள். காய்ந்த ஆய் யே இலை ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில் முடியுங்கள். நம் மாசிபத்திரிக்கு இது உறவு, சீன மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். இரண்டையும் இரண்டு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வாளியில் ஊற்றி, மேலே குளிர்ந்த நீரை விட்டுச் சூட்டை ஆற்றுங்கள். இலை கிடைக்காவிட்டால் இஞ்சி மட்டும் போதும். இஞ்சியும் இல்லாவிட்டால் வெறும் வெந்நீர். சிவப்பு நிறத்தில் ஒரு பூவைச் சேர்க்கச் சொல்வார்கள், அது குசும்பாப் பூ. கருவுற்றிருப்பவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

சூடு 40 டிகிரி. 42க்கு மேல் போகவே கூடாது. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது தண்ணீரில் வைக்கும் வெப்பமானி மலிவாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள். காலை நம்பி இறங்காதீர்கள். என் வாடிக்கையாளர் ஒருவர், நீரிழிவு உள்ளவர், நான் சொன்னதைக் கேட்டு வீட்டில் வெந்நீர் வைத்தார். காலில் உணர்ச்சி குறைந்திருந்தது அவருக்கே தெரியாது. மறுநாள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். ஆறுவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. நீரிழிவைப் பற்றி அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து யாரிடம் இதைச் சொன்னாலும் முதல் கேள்வி அதுதான். நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெந்நீரில் கால் வைக்கக் கூடாது.

பதினைந்து நிமிடம் போதும். நெற்றியிலும் முதுகிலும் மெல்ல ஈரம் கசியும்போது காலை எடுத்துவிட வேண்டும். வியர்வை வழியும்வரை உட்கார்ந்திருந்தால் எழும்போது தலை சுற்றும். எடுத்ததும் துடைத்து, முக்கியமாக விரல் இடுக்குகளைத் துடைத்து, ஒரு துண்டால் சுற்றிவையுங்கள். ஈரத்தோடு அழுத்தக் கூடாது.

விரல்

சொந்தக் காலைத் தானே பிடிப்பதைவிட இன்னொருவர் பிடிப்பது நல்லது. என் மனைவி முதல் வாரம் தயங்கினாள். கணவன் காலைப் பிடிப்பதில் அவளுக்குத் தயக்கமில்லை, தப்பாக அழுத்திவிடுவோமோ என்றுதான் பயந்தாள். ஆண்ட்டி அவள் கட்டைவிரலைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, "பெலான் பெலான்" என்றார். மலாயில் மெல்ல மெல்ல என்று பொருள். அந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எண்ணெய் சில துளிகள். தேங்காய் எண்ணெய் போதும், நல்லெண்ணெயும் சரி. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கடைகளில் மரக்குச்சியால் அழுத்துவார்கள். வீட்டில் வேண்டாம், குச்சிக்கு வலி தெரியாது. கட்டைவிரலின் சதைப்பகுதி அல்லது மடக்கிய ஆள்காட்டி விரலின் முட்டி போதும்.

எவ்வளவு அழுத்துவது? சீனர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: சுவான். புளிப்பு என்று பொருள். புளியங்காயைக் கடித்தால் பல் கூசி, உடம்பு ஒரு நொடி சுருங்கி, பிறகு தளருமே, அதே போன்ற ஒரு கூச்சம் பாதத்தில் எழ வேண்டும். ஆண்ட்டி அழுத்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்து "சுவான்?" என்று கேட்பார். நான் தலையசைத்தால் அங்கேயே நிறுத்திச் சுற்றுவார். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தால் உடனே தளர்த்திவிடுவார். கத்தும்படி அழுத்தினால்தான் பலன் என்று சில கடைகளில் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். வலியில் உடம்பு விறைத்தால் தூக்கம் எப்படி வரும்?

இடது காலில் தொடங்குவது மரபு. உள்ளங்காலின் நடுவில், முன்பாதத் திட்டுக்குச் சற்றுக் கீழே, சிறுநீரகத்துக்கு உரிய பகுதி. அங்கே இரண்டு நிமிடம். அங்கிருந்து உட்பக்கக் குதிகாலை நோக்கிச் சாய்வாக ஒரு கோடு இழுப்பதுபோல் கட்டைவிரலால் பத்துமுறை வழித்துவிடுங்கள். கழிவு போகும் பாதையை முதலில் திறப்பது என்று இதைச் சொல்வார்கள். எந்த நோய்க்குப் போனாலும் கடைகளில் இங்கேதான் ஆரம்பிப்பார்கள்.

அடுத்தது பெருவிரல். வண்ணப் படத்தில் அதுதான் தலை. நுனியிலிருந்து அடிவரை, ஒரு நெல் அகலம் விட்டு அடுத்த அழுத்தம் என்று சிறிது சிறிதாக இறங்க வேண்டும். தலைக்குரிய பகுதிகள் மட்டும் இடவலம் மாறும், தலையின் இடப்பக்கத்துக்கு வலது பெருவிரல். ஆனால் இரண்டையும் செய்வதுதான் வழக்கம். பெருவிரலின் அடிப்பகுதியைச் சுற்றி, கழுத்துக்கு மாலை போட்டதுபோல், தைராய்டுக்கு உரிய இடம். எனக்கு எப்போதும் மிகவும் கூசுவது இங்கேதான்.

இனி நாடிப் புள்ளிகள். இவற்றில் முதன்மையானது யோங்ச்சுவான். பொங்கும் ஊற்று என்று பொருள். கால் விரல்களை உள்நோக்கி மடக்குங்கள். முன்பாதத் திட்டுக்குக் கீழே, இரண்டாம் மூன்றாம் விரல்களுக்கு இடையே கோடு போட்டால் வரும் இடத்தில் ஒரு பள்ளம் விழும். அதுதான் இடம். முதலில் கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்தி, பிறகு உள்ளங்கையை வைத்து நூறு தடவை தேயுங்கள், இடக் காலுக்கு வலக் கை, வலக் காலுக்கு இடக் கை. ஐம்பதைத் தாண்டும்போது உள்ளங்கையும் உள்ளங்காலும் ஒரே சூட்டுக்கு வரும். எனக்கு நேரமில்லாத இரவுகளில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்கிறேன். கண்ணைச் சொக்கவைப்பது இதுதான்.

உட்பக்கக் கணுக்கால் முட்டிக்கும் பின்னால் உள்ள தடித்த குதிகால் தசைநாணுக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது. அது தாய்ஷி, பெருவோடை. விரல் வைத்தால் நாடித்துடிப்பு தெரியும். இங்கே அழுத்தம் குறைவாக, ஒரு நிமிடம். அதே முட்டியின் புடைத்த முனையிலிருந்து மேலே, நோயாளியின் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்து அளந்தால் வரும் உயரத்தில், கணைக்கால் எலும்பின் பின்விளிம்பை ஒட்டி சான்யின்ஜியாவ். மூன்று நாடிகள் கூடும் இடம் என்பதால் அந்தப் பெயர், இரத்தத்துக்கு உரியது என்பார்கள். கருவுற்ற பெண்களுக்கு இந்தப் புள்ளியைத் தொடவே கூடாது. இதில் சீன வைத்தியர்கள் மிகவும் கண்டிப்பாக இருப்பார்கள்.

புறங்காலில், பெருவிரல் எலும்பும் அடுத்த விரல் எலும்பும் சேரும் முக்கில் இன்னொரு பள்ளம். தாய்ச்சோங் என்பது அதன் பெயர். கல்லீரல் நாடிக்கு உரிய புள்ளி. கோபமும் அடக்கிய துக்கமும் கல்லீரலில் தங்கும் என்பது சீன மருத்துவத்தின் எண்ணம். முதல்நாள் ஆண்ட்டி அங்கே விரல் வைத்தபோது அப்பாவின் நினைவு வந்து நான் அழுதேன். புள்ளியால் வந்த அழுகையா, ஒரு மாதம் யாருமே என்னைத் தொட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்காததால் வந்த அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "சாபார்" என்று மட்டும் சொன்னார், பொறுமை என்று. விரலை எடுக்காமல் காத்திருந்தார். காலைப் பிடிக்கிறவர்களுக்கு இந்தக் காத்திருத்தலும் தெரிய வேண்டும். எதிரில் இருப்பவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பேசவைக்காதீர்கள்.

கடைசியில் குதிகாலின் நடு. தூக்கத்துக்கு உரிய இடம். தோல் தடித்திருப்பதால் முட்டியைப் பயன்படுத்தலாம், இரண்டு நிமிடம். பிறகு முழுப் பாதத்தையும் இரு கைகளால் தழுவி, விரலை நோக்கி நான்கைந்து முறை வழித்துவிட்டு வலது காலுக்கு மாறுங்கள். இரண்டும் சேர்த்து அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். முடிந்ததும் ஒரு குவளை வெதுவெதுப்பான நீர் குடித்து, காலுறை போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். தொலைபேசியை எடுத்தால் செய்ததெல்லாம் வீண்.

வாரத்தில் ஐந்து இரவு நான் செய்தேன். பத்து நாளில் தூக்கம் நீண்டது. நள்ளிரவில் விழித்தாலும் மறுபடி உறங்க முடிந்தது.

செய்யக் கூடாதவை

கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் யாரும் கைவைக்கக் கூடாது. இரத்தக்கட்டி இருக்கலாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு நரம்பு சுருட்டல் வருவது உண்டு. புடைத்த நரம்பின்மேல் அழுத்தாதீர்கள், வெந்நீரையும் தவிர்த்துவிடுங்கள். காலில் புண், சேற்றுப்புண், காய்ச்சல் இருந்தால் ஆறும்வரை நிறுத்துங்கள்.

தலையிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. என் தாத்தா மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சவரமும் செய்வார், கட்டிக்கும் சிரங்குக்கும் மருந்தும் போடுவார். எங்கள் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. புழுவெட்டோடு வருபவர்களுக்குச் சின்ன வெங்காயத்தைக் குறுக்கே அரிந்து, தோல் சிவக்கும்வரை தேய்ப்பார். ஆண்ட்டியின் ஊரில் அதையே இஞ்சித் துண்டால் செய்வார்களாம். இருவரின் நோயாளிகளிலும் பலருக்கு முடி வந்திருக்கும். சிறிய வட்டங்கள் பலருக்கு ஓராண்டுக்குள் தாமாகவே மூடிக்கொள்ளும் என்பதால், அந்த ஓராண்டில் எதைத் தேய்த்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். தாத்தாவின் கைராசியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இஞ்சியைத் தேய்த்துத் தோல் வெந்துபோன தலைகளைப் பார்த்திருக்கிறேன். இஞ்சியின் காரச்சத்து ஆய்வகத்தில் வளர்த்த மனித மயிர்க்கால்களின் வளர்ச்சியைத் தடுத்ததாக 2013இல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. இஞ்சி வாளியில் இருக்கட்டும், தலைக்கு வேண்டாம்.

இதைவிடக் கவலைதரும் ஒன்று ஹே ஷோ வூ என்ற கிழங்கு. நரைத்த முடியைக் கறுக்கவைத்த கிழவர் ஒருவரின் பெயரால் வழங்குவது, சீனக் கடைகளில் மாத்திரையாகவும் பொடியாகவும் இருக்கும். முடி என்று வாயெடுத்தாலே இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இதை உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இலேயே எச்சரித்தது. சிங்கப்பூரில் சீன வைத்தியர்களும் அக்குபங்சர் செய்பவர்களும் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். காலைப் பிடிப்பவர் அந்தப் பதிவு பெற்ற வைத்தியராக இருக்க வேண்டியதில்லை. ஆகவே அவர் கையிலிருந்து உள்ளுக்குச் சாப்பிட எதையும் வாங்காதீர்கள். சீன வைத்தியம் பார்க்க விரும்பினால் பதிவு பெற்றவரிடம் போங்கள். 1867இல் தொடங்கிய தோங் சாய் போன்ற மருத்துவ நிலையங்களில் நாம் யார் என்று பார்க்காமல் நல்லபடியாகவே கவனிக்கிறார்கள். தோல் மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டிருப்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நாட்களில்

தினமும் தடவிப் பார்க்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில், வட்டத்தின் பக்கத்தில் ஒரு நாணயத்தைப் பிடித்துப் படம் எடுங்கள். நாணயம் இல்லாத படத்தைப் பார்த்தால் மனம் அன்றைய பயத்துக்கு ஏற்றபடி அளக்கும். புதிய வட்டம் தோன்றினாலும், பழையது விரிந்தாலும், புருவமோ இமையோ உதிர்ந்தாலும் அடுத்த முன்பதிவுவரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

முடி திருத்த வரும்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சுற்றியுள்ள முடியைச் சற்று நீளமாக விட்டு, வட்டத்தின்மேல் படிய வெட்ட எங்களால் முடியும். இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டும் இன்றைய பாணி இதற்கு ஒத்துவராது. பையனாக இருந்தால், கூட்டமில்லாத நேரம் எது என்று கேட்டு, அப்போது அழைத்து வாருங்கள். என் கடையில் அது செவ்வாய்க்கிழமை பிற்பகல்.

எனக்கு இரண்டாவது ஊசிக்குப் பிறகு, ஒன்பதாம் வாரத்தில், தாடையில் முதல் பூனைமுடி வந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. நரைத்துவிட்டதே என்று என் மனைவி கலங்கினாள். புழுவெட்டில் திரும்பும் முடி பலருக்கு முதலில் வெள்ளையாகத்தான் வரும், பிறகு நிறம் ஏறும். அதைப் பிடுங்காதீர்கள், சாயமும் பூசாதீர்கள். மழித்தால் அடர்த்தியாக வரும் என்பதும் உண்மை அல்ல.

ஆண்ட்டி கடையை மூடிவிட்டு ஈப்போவுக்கே திரும்பிவிட்டார். 2022இல் என் வலது காதுக்குப் பின்னால் இன்னொரு சின்ன வட்டம் விழுந்தது. கண்டுபிடித்தது என் கடையில் வேலை செய்யும் தம்பி. கைக்கண்ணாடியை அவன் பிடித்தான், நான் பார்த்தேன். அன்று மாலையே தோல் மருத்துவரிடம் முன்பதிவு செய்தேன். இரவு ஒன்பதரைக்கு என் மனைவி வாளியில் வெப்பமானியை வைத்துவிட்டு, 40 வரும்வரை குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.